கறியைப் போன்றதும் கறிக்கு ஈடானதும்



சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. தென் மாவட்டம் ஒன்றிலிருந்து தங்கள் மகளைக் காண வந்திருந்த ஒரு தாயும் தந்தையும் அவளுடன் நம்மை அணுகினர். மகளுக்கு வயது இருபத்தொன்று. இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் வேலை. பெண்கள் விடுதியில் வாசம். ஞாயிறு தவறாமல் நம் கோவிலுக்கு வருபவள். திருநீற்றுப் புதனன்று புலால் உணவை விட்டவள், அப்படியே வாழ்நாள் முழுவதும் விட்டுவிடுவதென்று தீர்மானித்திருந்தாள். அதுதான் வழக்கு.

"சாமி, இரத்தம் குறைவு என்று ஆலையில் பரிசோதித்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கறி, மீன், முட்டை மூன்றையும் விட்டால் இரத்தம் எங்கிருந்து ஊறும்? நீங்களாவது சொல்லுங்கள்" என்றாள் தாய்.

"நான் மீல்மேக்கர் சாப்பிடுகிறேன், சாமி. கறியைவிட அதில் சத்து அதிகம். பொட்டலத்திலேயே போட்டிருக்கிறது" என்றாள் மகள்.

தந்தை விவசாயி. அதுவரை பேசாதிருந்தவர், "அது எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு, சாமி. மாட்டுக்கு வைப்பதை மனிதனுக்கு விற்கிறார்கள்" என்றார்.

மூவரும் நம் முகத்தையே பார்த்தனர். நாம் மருத்துவர் அல்லோம். ஆகையால் ஒரு வாரத் தவணை கேட்டோம். மருந்தகத்தில் பணிபுரியும் கன்னியர் ஒருவரிடம் கேட்டும், படிக்க வேண்டியவற்றைப் படித்தும் நாம் தெரிந்துகொண்டதை, இதே கேள்வி பல வீடுகளில் எழுந்திருப்பதால், இங்கே உங்கள் முன் வைக்கிறோம். முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மூவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. எவர் சொன்னதும் முழு உண்மை அன்று.

நாம் முதன்முதலில் மீல்மேக்கரைக் கண்டது குருமடத்து உணவறையில். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், குழம்பில் மிதந்த துண்டுகளைக் கறியென்று எண்ணி, சுத்தபோசன நாளில் இப்படியும் செய்வார்களா என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டோம். சமையற்காரர் அதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். கண்ணை ஏமாற்றும் அளவுக்கு அது கறியைப் போன்றிருந்தது. ஆனால் கறியைப் போன்றிருப்பது வேறு. கறிக்கு ஈடாயிருப்பது வேறு. நம் கட்டுரையின் சாரம் இவ்வளவே.

தந்தையின் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். மீல்மேக்கர் சோயா மொச்சையிலிருந்து வருகிறது. 1960களில் பந்த்நகர், ஜபல்பூர் ஆகிய வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இப்பயிரை நம் நாட்டில் பரப்ப முயன்றன. பின்னர் மத்தியப் பிரதேசத்தின் கரிசல் நிலங்களில் அது பெருகியது. ஆலைகளில் சோயாவை நசுக்கி, ஹெக்ஸேன் என்னும் கரைப்பானால் எண்ணெயைப் பிரித்தெடுப்பர். நீராவியால் அக்கரைப்பானைப் போக்கிய பின் எஞ்சுவது கொழுப்பு நீங்கிய மாவு. அம்மாவை நீர் சேர்த்துத் திருகுப் பொறியில் செலுத்தி, மிகுந்த வெப்பத்தோடும் அழுத்தத்தோடும் சிறு துளை வழியே வெளியே தள்ளுவர். அழுத்தம் சட்டென்று விலகும்போது மாவு பொரிபோல உப்பி, உள்ளே நார்நாராய்ப் பஞ்சுத்தன்மை பெறுகிறது. இம்முறை 1960களில் அமெரிக்காவில் உருவானது.

ஆகவே, எண்ணெய் எடுத்தபின் எஞ்சியது என்று அவர் சொன்னது சரியே. ஆனால் எண்ணெயோடு புரதம் போய்விடுவதில்லை. எஞ்சியதில்தான் அது திரண்டு நிற்கிறது. மாடு தின்பதாலேயே ஒரு பொருள் மனிதனுக்கு இழிந்ததாகிவிடாது. எள்ளுப் பிண்ணாக்கை விரும்பித் தின்ற தலைமுறை நம் வீடுகளிலேயே உண்டன்றோ?

அடுத்து, மகளின் சொல். 100 கிராம் உலர்ந்த மீல்மேக்கரில் ஏறத்தாழ 52 கிராம் புரதம் உண்டு என்பது மெய். உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்கள் யாவும் சோயாவில் உள்ளன. பயறு வகைகளில் இது பெருஞ்சிறப்பு. கொழுப்பும் உப்பும் அதில் மிகச் சொற்பம். விலையும் ஏழைக் குடும்பத்துக்கு எட்டும். தமிழ்நாட்டுப் பள்ளிச் சத்துணவின் பட்டியலிலும் மீல்மேக்கரும் காய்கறியும் சேர்ந்த சாதம் இடம்பெற்றது. அங்கும் அது தனியே வரவில்லை, காய்கறியோடும் முட்டையோடும் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எனினும், பொட்டலத்தின் கணக்கு உலர்ந்த உருண்டையின் கணக்கு. உலர்ந்ததை எவரும் உண்பதில்லை. வெந்நீரில் ஊறியதும் அது தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீரைக் குடித்துப் பருக்கிறது. தட்டு நிறைந்திருக்கிறதே என்று மகிழ்கிறோம். நிறைத்தது பெரும்பாலும் தண்ணீர். ஆள் ஒன்றுக்கு உலர்ந்த நிலையில் 30 கிராம் போட்டால் சுமார் 15 கிராம் புரதம் கிடைக்கும். அது இரண்டு முட்டையில் உள்ளதைவிடச் சற்று அதிகம். நல்ல அளவே. ஆனால் விடுதிக் குழம்பில் நான்கு உருண்டை மிதந்தால் அந்தக் கணக்கு பொருந்தாது.

தேவை எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்தபடி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் புரதம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம். இனி ஒரு சாதாரண நாளைக் கணக்கிட்டுப் பாருங்கள். சோறும் இட்டிலியுமாக 18 கிராம். 30 கிராம் துவரம்பருப்பில் 6. 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறத்தாழ 10. ஒரு தம்ளர் பாலோ தயிரோ 6. ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7. கூட்டினால் 47 ஆகிறது. இதில் மீல்மேக்கர் வரவே இல்லை. அது வந்தால் நல்லது, வராவிட்டாலும் குறையில்லை. ஆனால் சுண்டலும் பருப்பும் பாலும் இல்லாத தட்டில், வாரம் இருமுறை வரும் மீல்மேக்கர் ஒன்றே அவ்வளவு சுமையையும் தூக்காது.

அந்தப் பெண்ணிடம் நாளெல்லாம் என்ன உண்கிறாய் என்று வினவினோம். காலையில் அவசரமாக இரண்டு இட்டிலி, அல்லது அதுவும் இல்லை. மதியம் ஆலை உணவகத்தில் சோறு, நீர்த்த சாம்பார், பொரியல் கொஞ்சம். மாலையில் தேநீரும் பிஸ்கட்டும். இரவில் மீண்டும் சோறு. செவ்வாயும் வெள்ளியும் மீல்மேக்கர் குழம்பு. கறியை விட்டவள், அது இருந்த இடத்தில் வேறொன்றையும் வைக்கவில்லை. இரத்தம் குறைந்ததற்குக் காரணம் அவளது நோன்பு அன்று, அந்த வெற்றிடமே.

இங்கே தாயின் சொல்லுக்கு வருகிறோம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இவர்களில் மிகப் பலர் கறி உண்பவர்களே. ஆகவே கறி இருந்தால் இரத்தம் ஊறிவிடும் என்பது சரியன்று. ஆனால் தாயின் அச்சத்தில் நியாயம் உண்டு. இறைச்சியிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேரும். பயறு, கீரை, சோயா ஆகியவற்றிலுள்ளது அவ்வளவு எளிதில் சேராது. அவற்றிலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பைப் பற்றிக்கொண்டு விடாது. இதற்கு மாற்று நம் அடுப்படியிலேயே இருக்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி இவற்றிலுள்ள வைட்டமின் சி அப்பிடியைத் தளர்த்தும். சுண்டலில் எலுமிச்சை பிழிவது சுவைக்கு மட்டும் அன்று. உணவோடும் உணவு முடிந்த கையோடும் தேநீர், காப்பி குடிப்பது இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. வைட்டமின் பி12 பயறிலும் இல்லை, கீரையிலும் இல்லை, மீல்மேக்கரிலும் இல்லை. சைவ உணவினர்க்கு அது பால், தயிர், மோர் வழியேதான் வர வேண்டும். முட்டை உண்போர்க்கு முட்டை வழியேயும் வரும். இவை யாவற்றையும் விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையாகவேனும் பெற வேண்டும். அதன் குறைவு நரம்பைத் தாக்கும். கறி தின்னாதே என்று சொல்லும் எவரும் இதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

சோயாவைப் பற்றி வேறு இரண்டு செய்திகள். ஆண்கள் அதை உண்டால் ஆண்மை குன்றும் என்று நம் இளைஞர் விடுதிகளில் ஒரு பேச்சு உலவுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இலும் 2021இலும் வெளிவந்த ஆராய்ச்சிகள், ஆண்களின் இயக்குநீரில் சோயாவால் மாறுதல் இல்லை என்றே கண்டன. அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தைராய்டு குறைவுக்கு மாத்திரை உண்போர், அம்மாத்திரையைச் சோயா உணவுடன் சேர்த்து உட்கொள்ளலாகாது. மருந்து உடலில் சேருவதை அது குறைக்கும். மருத்துவர் சொன்ன இடைவெளியைக் காக்க வேண்டும்.

இதுவரை சொன்னது மளிகைக் கடையில் கிடைக்கும் வெறும் மீல்மேக்கரைப் பற்றியது. இப்போது பெரிய கடைகளின் குளிர்ப்பெட்டிகளில் வேறொரு வகை வந்திருக்கிறது. கோழித்துண்டு போலவும், கொத்துக்கறி போலவும், சாசேஜ் போலவும் செய்து, மசாலாவும் எண்ணெயும் மணமும் ஏற்றி, பச்சைப் புள்ளியிட்டு விற்கப்படும் பொட்டலங்கள். மாதச் சம்பளம் கைக்கு வந்த நாளில் நம் பிள்ளைகள் இவற்றை ஆசையோடு வாங்குகிறார்கள். பச்சைப் புள்ளி அதில் புலால் இல்லை என்பதற்கு மட்டுமே சாட்சி. உடலுக்கு நல்லது என்பதற்கு அது சாட்சி அன்று.

பொட்டலத்தின் முகப்பைப் படியாதீர்கள், முதுகைப் படியுங்கள். சேர்க்கப்பட்ட பொருள்கள் எடையில் மிகுந்தது முதலாக வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். முதல் மூன்று இடங்களில் மைதாவோ மாச்சத்தோ எண்ணெயோ இருப்பின், நீங்கள் வாங்குவது புரதம் அன்று. அடுத்து சோடியம் என்ற வரியைப் பாருங்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. ஒரு நாளைக்கு ஒருவர்க்கு 5 கிராம் உப்புக்கு மேல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. சாம்பாரிலும் ஊறுகாயிலும் உள்ளதே அவ்வளவுக்கு வந்துவிடும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்க்கான உணவு நெறிகளும், ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவைக் குறைக்கவே சொல்கின்றன. பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவர்தம் குழுவினரும் வகுத்த பிரிவினையைக் கண்டிப்பாகப் பின்பற்றினால், வெறும் மீல்மேக்கரும் அந்த மிகைப் பதப்பாட்டு வரிசையிலேயே சேரும். ஆயினும் உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் ஏற்றாத உருண்டையையும், இம்மூன்றும் ஏற்றிய பொட்டலத்தையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று என்பது நம் கருத்து.

மறுபுறம் ஒரு நியாயமும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை எட்டு வாரம் இறைச்சியும், எட்டு வாரம் தாவர இறைச்சியும் உண்ணச் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், தாவர வகையை உண்ட காலத்தில் தீய கொழுப்பு சற்றுக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆயினும் நியாயம் புரிகிறது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. தினமும் சாசேஜ் உண்பவர் தாவரச் சாசேஜுக்கு மாறினால் ஓரளவு நன்மையே. ஆனால் சுண்டல் உண்டவர் அதை விட்டுத் தாவரச் சாசேஜுக்கு மாறினால் நட்டமே. எதை வைத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

கறியைப் போலச் செய்வது நமக்குப் புதிதும் அன்று. பாசிப்பயற்றை அரைத்து வேகவைத்துத் துண்டு போட்டுச் செய்யும் சைவ ஈரல் குழம்பு, மீன் போல மசாலா தடவி வறுக்கும் வாழைக்காய், பலாப்பிஞ்சுக் குழம்பு ஆகியவை நம் ஊர்ப் பெண்களின் கைவண்ணம். சீன நாட்டுப் பௌத்த மடங்களில் கோதுமைப் பசையால் போலிக் கறி செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கிருந்து சென்றதே மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர் விரத நாட்களில் சமைக்கும் சைவ ஆட்டுக்கறி. நம் பக்கத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் கார் உற்பத்தி தொடங்கியபின் இவ்வட்டாரத்தில் கொரிய நாட்டார் பலர் வந்து தங்கினர். அவர்கள் சோயாவை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, காய்ச்சித் திரியவைத்து டோஃபு என்னும் கட்டியாக்கி உண்பர். அது கறியைப் போல வேடம் போடுவதில்லை. சோயாவாகவே வந்து, சோயாவாகவே உண்ணப்படுகிறது. நம் பாசிப்பயற்று ஈரலும் பெயரில்தான் ஈரல். பொருளில் முழுப் பயறு.

விடுதி நடத்துவோரும் உணவு ஒப்பந்தக்காரரும் நம் பங்குக் குடும்பங்களில் உண்டு. அவர்களுக்கும் ஒரு சொல். 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் வட்டாரத்துப் பெண்கள் விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்ட பணிப்பெண்கள் மருத்துவமனை சேர்ந்ததையும், அவர்களின் தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்ததையும் நாம் மறக்கவில்லை. வீட்டை விட்டு வந்த பிள்ளைகள் உங்கள் அண்டாவை நம்பி உறங்குகிறார்கள். ஊறிய மீல்மேக்கர் வெயிலில் விரைவில் கெடும். ஊறவைத்ததைப் பிழிந்து கழுவி அன்றே சமைத்துத் தீர்த்துவிடுங்கள். அதைவிட முக்கியம்: வாரம் இருமுறை மீல்மேக்கர் போட்டுவிட்டால் சைவர்க்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று எண்ணாதீர்கள். தினமும் ஒரு கரண்டி சுண்டல், கெட்டியான பருப்பு, ஒரு குவளை மோர், ஒரு துண்டு எலுமிச்சை. இதற்கு ஆகும் செலவு மிகையன்று.

தவக்காலத்தைக் குறித்தும் ஒன்று சொல்லி முடிக்கிறோம். 14 வயது நிறைந்தோர் சுத்தபோசன நாளில் இறைச்சியை விலக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். மீல்மேக்கர் பிரியாணி அச்சட்டத்தை மீறுவதன்று. ஆனால் வெள்ளிக்கிழமைத் தட்டு ஞாயிற்றுக்கிழமைத் தட்டைவிடச் சுவையும் செலவும் மிகுந்ததானால், விட்டது என்ன? தானியேலும் தோழரும் அயல்நாட்டு அரண்மனையில் மன்னனின் உணவை விலக்கியபோது, அதைப்போன்ற வேறொன்றைக் கேட்கவில்லை. எளிய மரக்கறியும் தண்ணீரும் கேட்டுப் பத்து நாள் தவணை பெற்றனர். அவர்களும் வீட்டை விட்டுத் தொலைவில் வந்து, பிறர் சமைத்ததை உண்ட இளைஞர்களே.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணிடம் இவற்றைச் சொன்னோம். கறியை மறுபடி உண் என்று நாம் கட்டாயப்படுத்தவில்லை. அவள் மனசாட்சிக்குரியதை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையை ஒழுங்காக உண்ண வேண்டும், மாலைத் தேநீருக்குப் பதில் பால் குடிக்க வேண்டும், காலை உணவைத் தவறவிடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். தொடக்கத்தில் 9.2 ஆக இருந்த இரத்த அளவு மூன்று மாதம் கழித்து 10.8 ஆகியிருந்தது. பெண்களுக்கு 12 வேண்டும். இன்னும் வழி இருக்கிறது. ஆனால் வழியில்தான் இருக்கிறாள்.

சென்ற மாதம் தந்தை மீண்டும் வந்திருந்தார். தோளில் ஒரு சாக்கு. தம் நிலத்தில் விளைந்த பாசிப்பயறும் தட்டைப்பயறும் அதில் இருந்தன. விடுதிச் சமையற்கட்டில் கொடுத்து, வாரம் இரண்டு நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் சுண்டல் செய்யச் சொல்லியிருப்பதாகக் கூறினார். "மீல்மேக்கரும் போடட்டும், சாமி. இதுவும் கூட இருக்கட்டும்" என்றார்.

நாம் ஒரு வாரம் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டுப் பிள்ளை எங்கேனும் விடுதியில் உண்கிறதா? இன்றிரவு பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு நிறுத்தாமல், என்ன சாப்பிட்டாய் என்றும் கேளுங்கள்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.